இரண்டு மில்லிமீட்டர்

குப்பைத்தொட்டியைத் தரையில் கவிழ்த்துப்போட்டு, மூத்தவள் முட்டிபோட்டுக் கிளறிக்கொண்டிருந்தாள். வாசலில் வண்டி வந்து நின்றாகிவிட்டது. கூடத்தில் அப்பா பெட்டிக்குள் படுத்திருந்தார். மூடி போடுவதுதான் பாக்கி.

"கரித்துண்டு மாதிரி கெடந்துச்சு, தூக்கிப் போட்டேன். அதுல என்ன இருக்குன்னு எனக்கென்ன தெரியும்?" என்றாள் அத்தை. தன் தம்பி போன துக்கத்தை, காலையிலிருந்து வீட்டைப் பெருக்கியே தீர்த்துக்கொண்டிருந்தாள் அவள்.

"ஒண்ணுமில்ல அத்தை. ஆறு வருஷம் இருக்கு, அவ்வளவுதான்."

கரித்துண்டு என்பதும் பொய்யில்லை. கட்டைவிரல் நீளம், கறுப்பு, உள்ளே கண்ணுக்குத் தெரியாத ஆயிரம் துளை. எலும்புச் செல்களை அதில் விட்டால் பற்றிக்கொண்டு ஏறி, துளைக்குள் எலும்பு கட்டும். ஆய்வுக்கூடத்தில் மூத்தவள் ஆறு வருடமாக மாரடித்தது இதனோடுதான். அப்பா லிப்ட் மெக்கானிக். வேலையில் விழுந்து, முழங்காலுக்குக் கீழே இரண்டு அங்குல எலும்பு போய்விட்டது. அவருடைய ஸ்கேனைப் பார்த்து அதே அளவில் ஒன்று செய்து, காட்டுவதற்காக வீட்டுக்குக் கொண்டுவந்தாள். சும்மா மாதிரிக்குத்தான், செல் எதுவும் விடவில்லை.

அவர் அதை மூக்குக்கண்ணாடிக் கூட்டில் வைத்துக்கொண்டு வாராவாரம் கேட்பார். "என் ஸ்பேர் பார்ட் எப்ப வருது?"

"இப்பதான் எலிக்கு வச்சிருக்கோம்ப்பா. மனுஷங்களுக்குன்னா நாளாகும்."

"எலிக்குக் குடுப்பீங்க, அப்பனுக்குக் கிடையாதா?"

போன ஞாயிற்றுக்கிழமை தலையணைக்கடியிலிருந்து தன் பழைய வெர்னியர் அளவுகோலை எடுத்தார். துண்டை அளந்தார், காலை அளந்தார். "ரெண்டு மில்லிமீட்டர் ஜாஸ்தி. உன் கம்ப்யூட்டர்கிட்ட சொல்லு."

"கம்ப்யூட்டருக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரியுமாக்கும்?" என்றாள். அவள் அவரிடம் கடைசியாகப் பேசியது அதுதான். காலில் உறைந்த ரத்தம் நுரையீரலுக்கு ஏறி, மூன்றாம் நாள் ஆளை முடித்துவிட்டது. இரண்டு வருடம் காத்திருந்த மனுஷன். யார்மேல் ஆத்திரப்படுவது என்று தெரியாமல், பிழைத்துக் கிடக்கிற எலிகள்மேல்கூட அவளுக்கு ஆத்திரம் வந்தது.

தேயிலைச் சக்கைக்கு அடியில் துண்டு அகப்பட்டது. குழாயடிக்கு ஓடிக் கழுவினாள். மறுபடியும் கழுவினாள். ஆய்வுக்கூடத்தில் மூன்று தடவை, தடவைக்கு ஐந்து நிமிடம் என்று கணக்கு. கை அதுபாட்டுக்கு அதைச் செய்துகொண்டிருந்தது.

மூத்தவளின் தம்பி வந்து நின்றான். "அக்கா, டிரைவர் அவசரப்படுறாரு. என்ன பண்ணிட்டிருக்க?"

"அழுக்கா இருக்குடா. இப்படியே வச்சா இன்ஃபெக்ஷன் ஆயிடும்."

தம்பி அவளையே பார்த்தான். பிறகு எட்டிக் குழாயை மூடினான்.

துடைக்கும்போதுதான் கவனித்தாள். ஒரு முனை வழவழவென்று இருந்தது. அப்பா அரத்தால் ராவி, உப்புத்தாளும் போட்டிருக்கிறார். தூள் போய்த் துளையெல்லாம் அடைத்துக்கொண்டிருந்தது. இனி ஒரு செல் உள்ளே நுழையாது.

"கெடுத்து வச்சிருக்காருடா," என்றாள். "சொன்னா கேக்கவே மாட்டாரு. மொத்தமா கெடுத்து வச்சிருக்காரு."

கூடத்துக்கு வந்து அப்பாவின் கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டினாள். எலும்பைத் தாங்கக் காலைச் சுற்றிப் போட்டிருந்த இரும்பு வளையங்களை ஆஸ்பத்திரியிலேயே கழற்றிவிட்டிருந்தார்கள். எலும்பில்லாத இடத்தில் தோல் பள்ளமாக இறங்கியிருந்தது. துண்டை அதில் வைத்தாள். இரண்டு பக்கமும் இடிக்காமல் உட்கார்ந்தது.

அத்தை துடைப்பத்தோடு குனிந்து பார்த்தாள். "பொருந்துதா?"

மூத்தவள் கால்சட்டையை இறக்கிவிட்டு, சுருக்கம் போகக் கையால் நீவினாள். டிரைவர் மூடியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார்.