பேத்தி படுக்காத மெத்தை

மெத்தைக் கடைக்காரருக்கு நாக்குதான் முதலீடு. குழந்தை மெத்தையும் தலையணையும் சேர்ந்த பஞ்சு செட்டை யார் தொட்டாலும், "என் பேத்தி இதுலதான் தூங்குறா" என்பார். பேத்தி பிறப்பதற்கு முன்பே சொல்லத் தொடங்கியிருந்தார்.

பேத்தி குறைமாதத்தில் பிறந்தாள். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தது. "மெத்துன்னு எதுவும் வேண்டாம். முகம் புதைஞ்சா உயிருக்கே ஆபத்து. கெட்டியான படுக்கையில மல்லாக்கப் போடுங்க" என்றார் டாக்டர். அவளுக்காகத் தொட்டிலில் விரித்து வைத்திருந்த செட்டை, அவள் படுக்கும் முன்பே, அன்றே உருவியவர் இவர்தான். உருவியதைத் தூக்கி எறிய மனம் வருமா? பிளாஸ்டிக் உறையில் போட்டு மறுபடி கடை அலமாரியில் அடுக்கினார்.

இன்று தோளில் குழந்தையோடு வந்த பெண் அதைத்தான் அழுத்திப் பார்த்தாள்.

"இவனுக்குத் தூங்கறப்ப மூச்சு ஒரு மாதிரி இருக்குய்யா. அதான் மெத்துன்னு பாக்குறேன். வெலையைக் குறைங்க."

"இதுக்கு மேல குறைச்சா நான் தரையிலதாம்மா படுக்கணும்."

"படுங்க, முதுகுக்கு நல்லது."

சிரித்துவிட்டார். சிரித்த வாய் பழக்கதோஷத்தில் அதையும் சொல்லிவிட்டது: "என் பேத்தி இதுலதான் தூங்குறா."

அந்த நேரம் பார்த்து, மகள் பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு சாப்பாட்டுக் கேரியரோடு உள்ளே நுழைந்தாள்.

"பாப்பா இதுலதான் தூங்குறாளாக்கா?" என்று அவளிடமே கேட்டாள் வாங்க வந்தவள்.

மகள் அப்பாவைப் பார்த்தாள். "ஆமா" என்றாள், தரையைப் பார்த்து.

பணம் கொடுத்துவிட்டு மெத்தைப் பொட்டலத்தோடு அந்தப் பெண் படியிறங்கியதும் மகள் கேட்டாள்: "நம்ம தொட்டில்ல இருந்ததுதானேப்பா அது? டாக்டர் நமக்கு மட்டுமா சொன்னாரு?"

செருப்புகூட மாட்டாமல் ஓடினார். தெருமுனையில் பொட்டலத்தைப் பிடித்து இழுத்தார்.

"பேரம் முடிஞ்சப்புறம் வெலை ஏத்துறீங்களா?" அவள் விடவில்லை.

"என்னய்யா, வித்த சரக்கைப் பிடுங்குறே!" என்றான் எதிர்ப் பாத்திரக்கடைக்காரன். கடைக்குக் கடை தலைகள் நீண்டன.

"என் பேத்தி இதுல தூங்கலம்மா. ஆபத்துன்னு நான்தான் எடுத்துட்டேன். எடுத்ததைத்தான் உனக்கு வித்தேன். பணத்தை வாங்கிக்க. பையனை இப்பவே டாக்டர்கிட்ட காட்டு."

"உங்க பொண்ணு ஆமான்னாங்களே?"

"என் மானத்தைக் காப்பாத்தச் சொன்னா."

அவள் பொட்டலத்தை விட்டாள். குழந்தையை அவர் பக்கம் இருந்த தோளிலிருந்து அடுத்த தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.