எல்லோருடைய பையும்

நானூறு வீடுகள் கொண்ட அந்த வளாகத்தில் யாருடைய கைக்கடிகாரமோ காணாமல் போனது. மறுநாளே வாசலில் அறிவிப்பு ஒட்டினார்கள்: 'வெளியே செல்லும் எல்லோருடைய பையும் சோதிக்கப்படும்.'

"வேலைக்கு வர்றவங்க பையை மட்டும் பாரும்மா," என்றார் சங்கச் செயலாளர், வாசலில் நின்ற பெண் காவலாளியிடம்.

அன்று முதலில் வெளியே வந்தவள் ஆறாவது மாடியில் சமைக்கிற, காவலாளியின் அண்ணி. இந்த வேலைக்குச் சொல்லிவிட்டதே அவள்தான்.

"நீ என்ன பண்ணுவ. பாத்துட்டு அனுப்பு," என்று அண்ணியே பையை மேசையில் கவிழ்த்தாள். டிபன் டப்பா, குடை, மாற்றிக்கொள்ள வைத்திருந்த உள்ளாடை. பக்கத்தில் நின்ற டிரைவர்கள் சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அண்ணி எல்லாவற்றையும் அள்ளிப் போட்டுக்கொண்டு, ஏறிட்டுப் பார்க்காமல் போனாள். காவலாளிக்கு அன்று சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலை எட்டரைக்கு முதல் காரை நிறுத்தினாள். உள்ளே பல் டாக்டர்.

"பையைத் திறங்க மேடம்."

"என்னோடதையா?"

"எல்லோருடையதும்னு போட்டிருக்கு."

டாக்டர் அறிவிப்பைப் படித்தார். திறந்து காட்டினார். அதற்குள் பின்னால் பதினைந்து கார்கள். ஹாரன் காதைப் பிளந்தது. மடிக்கணினிப் பையோடு செயலாளர் வேகமாக வந்தார்.

"புத்தி கெட்டுப்போச்சா உனக்கு? அது வேலைக்காரங்களுக்கு."

"அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க சார். ஒட்டிடறேன்." பேனாவையும் காகிதத்தையும் நீட்டினாள்.

வாங்கினார். கார்களிலிருந்து எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "எழுதுங்க, நாங்களும் படிக்கிறோம்," என்றார் டாக்டர். பேனா காகிதத்தில் படவே இல்லை.

"நாளைக்கு நீ இந்த வாசல்ல நிக்க மாட்ட."

"சரி சார். இன்னிக்கு நிக்கிறேன்ல. பையைத் திறங்க."

அவள் வழியைவிட்டு நகரவில்லை. அவர் திறந்தார். மடிக்கணினி, சீப்பு, பாதி தின்ற பிஸ்கட். அண்ணியின் பையைப் பார்த்த அதே நிதானத்தோடு பார்த்துவிட்டு, "போகலாம் சார்," என்றாள்.

சாயங்காலம் அறிவிப்பைக் கிழித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு யார் பையையும் யாரும் திறக்கவில்லை. சொன்னபடியே அவளைக் குப்பை லாரி வந்து போகும் பின்வாசலுக்கு மாற்றினார்கள்.

"எதுக்குடி உனக்கு இந்த வம்பு?" என்று அண்ணி வீட்டில் திட்டினாள்.

"வம்பில்ல அண்ணி. என் வேலையைத்தான் செஞ்சேன்."

அண்ணி இப்போது பின்வாசல் வழியாகத்தான் போகிறாள். பஸ்ஸுக்குப் பத்து நிமிடம் சுற்று. கேட்டால், இந்தப் பக்கம் வெயில் கம்மி என்கிறாள்.