பெயர் போடாத அட்டை

பெரியவளின் கைக்கு நிதானம் உண்டு, வாய்க்குத்தான் கிடையாது. மருந்துக்கடையில் இருபது வருடமாக மாத்திரை எண்ணிக் கொடுக்கிறாள், ஒன்றுகூடப் பிசகியதில்லை. வார்த்தையை எண்ணிப் பேச மட்டும் வரவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் அவள் பிறந்தநாளுக்குத் தங்கை தன் கையாலேயே ஒரு ஸ்வெட்டர் பின்னிக் கொண்டுவந்தாள். கண்ணைப் பறிக்கிற பச்சை, இடது கை வேறு நீளம். வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போது, "ஒரு கை நீளமா இருக்கு, இதைப் போட்டுக்கிட்டுத் தெருவுல போனா நாய்தான் துரத்தும்" என்றாள் பெரியவள். எல்லோரும் சிரித்தார்கள். சின்னவள் சாப்பிடாமலே கிளம்பிப் போனாள்.

அதோடு பேச்சு நின்றது. ஒருமுறை தங்கையின் கணவர் கையில் பெரியவள் பலகாரம் கொடுத்தனுப்பினாள், டப்பா மூடி திறக்காமல் திரும்பி வந்தது. ஆனால் வீட்டுக்குள் குளிருக்கு அவள் மாட்டிக்கொள்வது அந்தப் பச்சை ஸ்வெட்டரைத்தான். இது அவள் வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியும். வெளியே சொன்னால் தொலைத்துவிடுவேன் என்று அவரை மிரட்டி வைத்திருந்தாள்.

போன வாரம் சகலை அவருக்குப் போன் செய்தார். சின்னவளுக்கு இரண்டு கண்ணிலும் புரையாம், ஆபரேஷன் ஆகிவிட்டதாம். நாலைந்து வருடமாகவே மங்கல்தானாம், பளிச்சென்ற நிறம் தவிர எதுவும் சரியாகத் தெரியாதாம், யாரிடமும் மூச்சு விடவில்லையாம். கேட்டதும் பெரியவள் ஸ்வெட்டரின் நீளக் கையை மடித்து மடித்துப் பார்த்தாள். தெரியாத கண்ணை வைத்துக்கொண்டு பின்னியவளைத்தான் ஊர் சிரிக்கப் பேசியிருக்கிறோம் என்று வெட்கமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை தங்கைக்கு ஒரு அட்டை செய்ய மேஜை முன் உட்கார்ந்தாள். வாழ்த்து அட்டை செய்வது போன வருடம் பிடித்துக்கொண்ட பைத்தியம், தங்கைக்குத் தெரியாது. பெயர் போட்டால் குப்பைக்குப் போகும், போடாவிட்டால் வைத்துக்கொள்வாள் என்பது அவள் கணக்கு. காகித டேப்பில் வட்டமாக நிலா வெட்டினாள். அதை அப்படியே ஒட்டினால் உரிக்கும்போது அட்டையையும் பிய்த்துக்கொண்டு வரும். உடுப்பில் நாலு தடவை ஒத்தி, பசையின் வேகத்தைக் குறைக்க வேண்டும். வழக்கம்போல இடது கையில் ஒத்தி எடுத்து ஒட்டினாள். கிழித்த காகிதத்தைக் குறுக்கே வைத்து மறைத்து, மலைக்கு மேல் மலையாக நீல மையைப் பஞ்சால் தட்டினாள். டேப்பை உரித்ததும் வெள்ளை நிலா வந்தது.

வீட்டுக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டு, கடைக்குப் போகிற வழியில் தபால்பெட்டியில் போட்டுவிடுவதாக அவசரப்படுத்தினார். கண்ணாடியைத் தேடப் பொறுமையில்லாமல், எட்டப் பிடித்துப் பார்த்து, சரியாகத்தான் இருக்கிறது என்று உறையில் போட்டாள். தன் கையெழுத்து தங்கைக்குத் தெரியும் என்பதால், உறை மேல் முகவரியை மருந்துக்கடையில் கூட வேலை பார்க்கும் பெண்ணை விட்டு முன்பே எழுத வைத்திருந்தாள்.

நாலாம் நாள் அவளுடைய போனே அடித்தது. தங்கையின் எண்.

"ஒரு அட்டை வந்திருக்கு. பேரு இல்ல" என்றாள் சின்னவள்.

பெரியவள் தனக்கு ஒன்றும் தெரியாது என்றாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாத குரல் காட்டிக்கொடுத்தது.

"நிலா ஓரத்துல ஒரு பச்சை இழை ஒட்டியிருக்கு. இப்பதான் கண்ணு நல்லாத் தெரியுதே. அந்தக் கம்பளி நூலை எனக்குத் தெரியாதா?"

கையும் களவுமாகப் பிடிபட்டவள் ஸ்வெட்டரின் இடது கையைப் பார்த்தாள். டேப் ஒத்தி ஒத்தி அந்த இடமே நூல் கிளம்பிக் கிடந்தது.

"ரெண்டு வருஷமாவா போட்டுக்கிட்டிருக்கே?"

"ம்."

"நாய் துரத்துச்சா?"

பெரியவள் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வார்த்தையை எண்ணி எடுத்தாள்.

"தப்புடி" என்றாள்.

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"அழாதே, ஆபரேஷன் பண்ணின கண்ணு" என்றாள் பெரியவள்.

"நான் அழலக்கா" என்றாள் சின்னவள். "கண்ணு ஆறட்டும். வந்து அந்தக் கையைப் பிரிச்சுச் சரியா பின்னித் தர்றேன்."