உயிரோடிருந்த ஆற்றுக்குச் சாவுப் பாட்டு

2001ஆம் ஆண்டு ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், காலை ஏழரை மணிக்கு, எண்ணூர் ஆறு காலடிப்பேட்டையில் செங்குட்டுவனின் வீட்டுக்குள் வந்து முழங்கால் ஆழத்துக்கு நின்றுகொண்டது. பக்கத்து வீட்டு ஷம்ஷாத் வாசலில் காயப்போட்டிருந்த மிளகாய்கூட நனையவில்லை. செங்குட்டுவனின் மனைவி பூவம்மா அரிசிப் பானையைத் தூக்கிப் பரண்மேல் வைத்துவிட்டு, "இன்னா பண்ணித் தொலைச்ச?" என்று மட்டும் கேட்டாள். எது நடந்தாலும் அவன் வேலையாகத்தான் இருக்கும் என்பது அவள் அனுபவம்.

செங்குட்டுவன் சாவு வீடுகளில் கானா பாடுகிறவன். பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆற்றைப் பற்றிச் சொல்லித்தர ஒரு பாட்டு வேண்டுமென்று சுற்றுச்சூழல் சங்கம் ஒன்று முந்தைய ஆண்டு அவனைத் தேடி வந்தது. அவனும் தொழில் வழக்கப்படி பேர், ஊர், விட்டுப்போன பிள்ளைகள் எத்தனை என்றெல்லாம் விசாரித்துக்கொண்டு, மடவை மீனும் நண்டும் கொடுத்த மகராசி ஆலைச் சாம்பல் மூடிப் போய்ச் சேர்ந்தாள் என்று எழுதிக் கொடுத்தான். வேறு மாதிரி எழுத அவனுக்குத் தெரியாது. தெரியாது என்பதும் தெரியாது. "இத்தினி வருசம் பாடுன வாய்க்கு, உசுரு கீதான்னு ஒரு வார்த்த கேக்கத் தோணல பாரு" என்று பின்னாளில் தன்னையே கிண்டல் செய்துகொள்வான். பதினொரு பள்ளிகளில் பிள்ளைகள் தேம்பித் தேம்பிப் பாடினார்கள். கேடயம் ஒன்றும் கிடைத்தது. ஊரையே திருத்திவிட்டவன்போல அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தான்.

தண்ணீரில் முதலில் மிதந்தது அந்தக் கேடயம்தான். ஆற்றில் கையால் தடவி இறால் பிடிக்கும் முத்தம்மா சேதி கேட்டு வந்து, தண்ணீரில் நின்றபடியே அவனைப் பிடிபிடியென்று பிடித்தாள்.

"ஆத்துல சாம்பல் கொட்டுற ஆலைக் கொழாய மூடச் சொல்லி மனு குடுக்கப் போனா, செத்த ஆத்துக்கு இன்னாத்துக்கு வைத்தியம், உங்க பசங்களே பாடுதுங்களேன்றான் அந்த ஆபீசரு. நேத்துகூட எனக்கு எறா மாட்டுச்சிடா. உசுரோட கீறவளுக்கு ஒப்பாரி வெச்சிட்டு ஷீல்டு வேற வாங்கிக்கினியா நைனா?"

அவனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆறு நிஜமாகவே செத்துப்போனால் அந்தப் பழியில் தன் பாட்டுக்கும் பங்குண்டு என்று பயந்தான். மன்னிப்புக் கேட்டு ஒரு பாட்டுப் பாடினான். பழக்க தோஷத்தில் அதுவும் சாவு மெட்டிலேயே வந்துவிட, தண்ணீர் இடுப்புக்கு ஏறியது. இன்னொரு பாட்டுப் பாடினால் அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன் என்றாள் பூவம்மா.

எனவே வாயை மூடிக்கொண்டான்; தண்ணீர் மறுபடி முழங்காலுக்கு இறங்கியது. அந்தப் பதினொரு பள்ளிப் பிள்ளைகளையும் ஆற்றை நேரில் பார்க்க வீட்டுக்கு வரவழைத்தான். கட்டிலடியில் மடவை, அடுப்படியில் நண்டு, காலடியில் வழவழவென்று சாம்பல். பார்த்ததைப் பிள்ளைகளே பாட்டாக்கி, "ஆறு கீது, ஆறு கீது" என்று தெருவெல்லாம் கத்தினார்கள். அவன் எழுதியதைவிட அது நன்றாகவே இருந்தது. கடைசியில் அந்த அதிகாரியும் பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு பார்க்க வந்தார். நண்டு அவர் கட்டைவிரலைக் கவ்வியது. நின்ற இடத்திலேயே முத்தம்மாவின் மனுவில், ஆறு உயிருடன் உள்ளது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். குழாயை மூட மேலும் நான்கு ஆண்டுகள் ஆயின. ஆனால் மூடினார்கள்.

கையெழுத்தான அன்றே தண்ணீர் கணுக்காலுக்கு இறங்கியது, அதற்குமேல் இறங்கவில்லை. பூவம்மா கட்டில் கால்களுக்குச் செங்கல் வைத்துக்கொண்டாள். செங்குட்டுவன் ஈரக்காலோடு இன்றும் சாவு வீடுகளுக்குப் போகிறான். கிடத்தியிருப்பவரின் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்கிறான்.