மூன்று ஊருக்கு ஒரு பாஸ்வேர்டு

என் வீட்டுக்காரருக்கு வேலை போன செய்தியை எனக்குச் சொன்னது ஒரு டிராக்டர். அதுவும் நிஜ டிராக்டர் இல்லை. எங்கள் வீட்டு ஓனர் கங்கப்பன் டிவியில் ஓட்டும் டிராக்டர்.

கங்கப்பனுக்குக் கெலவரப்பள்ளி வாய்க்கால் பாயும் நிலம் இருக்கிறது. அதில் ரோஜா இருக்கிறது. ஷெட்டில் நிஜமாகவே ஒரு டிராக்டர் நிற்கிறது. அதையெல்லாம் ஆளை வைத்துப் பார்த்துக்கொண்டு, மத்தியானம் சாப்பிட்டதும் மனிதர் கேம் பெட்டியைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். யாரோ ஒரு வெள்ளைக்காரன் ஊரில் கோதுமைக்கு உழுதுகொண்டிருப்பார். அந்தப் பெட்டி, என் வீட்டுக்காரர் ஆனந்த் புதிது வாங்கியபோது அவருக்குக் கொடுத்த பழசு. பெட்டியோடு தன் சந்தாவின் பாஸ்வேர்டையும் சேர்த்துக் கொடுத்திருந்தார். அந்தச் சந்தாவைக் கட்டினால் நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் ஆடலாம். ஆனால் ஒரு நேரத்தில் ஒரு வீட்டில்தான் ஆட முடியும். இன்னொரு வீட்டில் யாராவது திறந்தால், ஏற்கெனவே ஆடிக்கொண்டிருப்பவர் வெளியே வந்து விழுவார்.

ஆனந்துக்கு வேலையே கேம் செய்வதுதான். எலெக்ட்ரானிக் சிட்டியில் கம்பெனி. ஓசூரிலிருந்து தினமும் பஸ். நான் சிப்காட்டில், வண்டிகளுக்கு ஒயரிங் கட்டும் கம்பெனியில் லைன் லீடர். இரண்டு பேருமே விருதுநகர் பக்கம். பிழைக்க வந்த இடம் இது.

அன்று ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்குகிறேன், கங்கப்பன் ஸ்டாப்பிலேயே நின்று என்னைப் பிடித்துக்கொண்டார். கோபம் வந்தால் அவருக்குக் கன்னடமும் கூடவே வந்துவிடும்.

"நோடம்மா பொற்கொடி, இது நல்லால்ல. நான் உழுதுக்கினே இருக்கறேன், பாதி சால்ல வண்டி நின்னு போவுது. வேற எடத்துல யாரோ ஆடறாங்கன்னு எழுத்து வருது. மூணு வாரமா இதே ரோதனை. உங்க வூட்ல பகல்ல யாரு?"

"எங்க வீட்ல பகல்ல யாருங்கய்யா இருக்கா? நான் ஷிஃப்டு, அவரு பெங்களூரு."

"எங்க மாப்ள சிவராஜும் இல்ல. பர்கூர்ல அவரு சாய்ங்காலம்தான் ஆடறது."

பாஸ்வேர்டு பர்கூர் வரைக்கும் போயிருக்கும் சங்கதியே எனக்கு அப்போதுதான் தெரியும். ஆனால் அதைப் பற்றிச் சண்டை போட எனக்கு மனசு ஓடவில்லை. பகலில் என் வீட்டில் யார் என்ற கேள்விதான் பெரிதாக இருந்தது. செருப்பு தேயத் தேய நடந்தேன்.

கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. தட்டினேன். திறந்தவர் ஆனந்த், கையில் கன்ட்ரோலர். நான் வரும் நேரம் ஆனது ஆட்டத்தில் தெரியவில்லை போல. காலையில் நான் கட்டிக்கொடுத்த எலுமிச்சை சாதம் டிவி முன்னால் பாதி காலியாகிக் கிடந்தது.

"இன்னிக்குச் சீக்கிரம் விட்டுட்டாங்க" என்றார்.

"மூணு வாரமாவா?"

பொய் சொல்லத் தெரியாத முகம் அவருக்கு. கன்ட்ரோலரை மெத்தென்று கீழே வைத்தார், அதற்கு வலிக்கும் போல.

"கம்பெனியில பாதிப் பேர எடுத்துட்டாங்க, கொடி. வெளிநாட்டுக்காரன் பணத்த நிறுத்திட்டான். ரெண்டு வருஷமா செஞ்ச கேம் இனிமே வெளியவே வராது. ஒரே ஒரு வீடியோ கால். பத்து நிமிஷம். முடிஞ்சது."

எனக்குப் பாவமாக இருந்தது. அது கொஞ்ச நேரம்தான். பின்னாலேயே கோபம் வந்துவிட்டது.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ பயந்துருவன்னுதான். வேற வேல கெடைக்கற வரைக்கும் யாருக்கும் தெரிய வேணாம்னு நெனச்சேன்."

"பயந்துருவேனா? நானா?"

சிரித்துவிட்டேன். ஆத்திரத்தில் வருமே, அந்தச் சிரிப்பு. லைன் லீடர் என்பதெல்லாம் பேருக்குத்தான். நான் காண்ட்ராக்ட். பதினொரு மாதம் முடிந்தால் அடையாள அட்டையைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்புவார்கள். கொஞ்ச நாள் கழித்து வேறு நம்பர் போட்ட அட்டையைக் கொடுத்து, அதே லைனில், அதே ஸ்டூலில் உட்காரச் சொல்வார்கள். கூப்பிடுவார்களா மாட்டார்களா என்று ஒவ்வொரு தடவையும் தெரியாது. கல்யாணமான நாளிலிருந்து இதைப் பார்த்துக்கொண்டிருக்கிற மனிதர், வேலை போனதற்கு நான் பயப்படுவேன் என்கிறார்!

"ஒனக்குப் பழகிருச்சு. நான் பெர்மனெண்ட்டா இருந்தவன். வெளிய தெரிஞ்சா கேவலம்" என்றார் தலையைக் குனிந்துகொண்டு.

"அப்ப நான் தெனமும் கேவலமாத்தான் வேலைக்குப் போயிட்டு வாறேனா?"

எலுமிச்சை சாத டப்பாவை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டார். சாயங்காலம் முழுக்க நான் பேசவில்லை. பாத்திரங்கள்தான் பேசின.

மறுநாள் எனக்கு வார லீவு. காலையில் கோபம் பாதியாக இறங்கிய பிறகு விஷயத்தைக் கேட்டேன். வெள்ளிக்கிழமை இன்னொரு கம்பெனியில் இன்டர்வியூவாம். அவர்கள் ஏற்கெனவே வெளியிட்ட ஒரு கேமை, அவர்கள் திரையில் பார்க்கப் பார்க்க இவர் ஆடிக்காட்ட வேண்டும். எங்கே தப்பு, எதை மாற்றலாம் என்று ஆடிக்கொண்டே சொல்ல வேண்டும். முதல் பாதியை ஆடி முடித்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். அந்த கேம் சந்தாவிலேயே இருக்கிறது. அதற்காகத்தான் பகலெல்லாம் பழகியிருக்கிறார்.

"அப்ப கங்கப்பன் டிராக்டர நிறுத்துனது நீங்கதான்."

"அவருதான் என்னைய நிறுத்துனாரு! பாலத்து மேல போயிட்டிருப்பேன், தள்ளிவிட்டுருவாரு."

"பாஸ்வேர்ட மாத்த வேண்டியதுதானே?"

அங்கேதான் கதை. மாற்ற வேண்டுமென்றால் போனுக்கு ஒரு நம்பர் வரும். அந்தப் போன் கம்பெனி கொடுத்தது. வேலையோடு சிம்மையும் வாங்கிக்கொண்டார்கள். புது நம்பருக்கு மாற்றச் சொல்லிச் சந்தாக்காரர்களுக்கு எழுதிப் போட்டிருக்கிறார், ஆனால் வெள்ளிக்கிழமைக்குள் நடக்காது. புதிதாக வேறு சந்தா கட்டினால், பாதி ஆடி வைத்தது அதில் வராது. ஆக, கங்கப்பனும் அவர் மாப்பிள்ளையும் அன்று கையைக் கட்டிக்கொண்டு இருந்தால்தான் இவருக்கு இன்டர்வியூ.

"கெளம்புங்க, கங்கப்பன் வீட்டுக்கு" என்றேன்.

"வேல போன விஷயம் தெரிஞ்சுருமே! வீட்டக் காலி பண்ணச் சொல்லிட்டா?"

"சொல்லட்டும். சட்டையப் போடுங்க."

கங்கப்பன் ரோஜா கட்டு எண்ணிக்கொண்டிருந்தார். நான் சுற்றி வளைக்காமல், இவருக்கு வேலை போய்விட்டது என்று போட்டு உடைத்தேன். ஆனந்த் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். கங்கப்பன் முகம் நிஜமாகவே வாடிவிட்டது.

"அய்யோ சிவனே! வேல பூடுச்சா? அப்ப இனிமே பகல்லாம் வூட்லதான் இருப்பாரா? என் உழவு இன்னா ஆவறது?"

வாடகையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கோதுமைதான் கவலை. ஆனந்துக்கே சிரிப்பு வந்துவிட்டது. மூன்று வாரத்தில் அவர் சிரித்து நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

விவரத்தைச் சொன்னதும் கங்கப்பன் மாப்பிள்ளைக்குப் போன் போட்டார். பர்கூர் சிவராஜ் கொஞ்சம் மென்று விழுங்கிவிட்டு, தன் தங்கை மாதேஸ்வரிக்கும் பாஸ்வேர்டைக் கொடுத்திருப்பதாகச் சொன்னார். அவள் ஊத்தங்கரையில் இருக்கிறாள். குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு ஆடுவாளாம். ஒரு சந்தாவில் மூன்று ஊர் பிழைத்துக்கொண்டிருக்கிறது! எங்கள் வாய்க்கால் தண்ணீர்கூட இவ்வளவு தூரம் போகாது என்று கங்கப்பன் பெருமையாகச் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

முப்பது பேரை ஷிஃப்ட் பிரித்து வேலை வாங்குகிறவள் நான். நாலு பேரைப் பிரிக்க மாட்டேனா? மாதேஸ்வரியையும் லைனில் சேர்க்கச் சொல்லி, போனை ஸ்பீக்கரில் போட்டு அங்கேயே உத்தரவு போட்டேன். காலை ஆனந்த். மத்தியானம் கங்கப்பன். சாயங்காலம் சிவராஜ். மாதேஸ்வரிக்குக் குழந்தை எப்போது தூங்குமோ அப்போது, ஆனால் முன்கூட்டிப் போன் செய்துவிட்டு. வெள்ளிக்கிழமை மட்டும், மத்தியானம் வரை ஆனந்தைத் தவிர யாருக்கும் ஷிஃப்ட் இல்லை. பெட்டியைத் தொடவே கூடாது.

"எங்க கம்பெனி சூப்பர்வைசர் தேவல" என்றார் சிவராஜ்.

வெள்ளிக்கிழமை எனக்கு செகண்ட் ஷிஃப்ட். அதனால் காலையில் வீட்டில் இருந்தேன். இன்டர்வியூ ஆரம்பிக்கும் முன்பே வாசலில் கங்கப்பன், தோளில் ஒரு உர மூட்டை. உள்ளே பார்த்தால் அவருடைய கேம் பெட்டி.

"வூட்ல இருந்தா என் கை சும்மா இருக்காதும்மா. அதான் எடுத்துக்கினு வந்துட்டேன்."

இரண்டு பேரும் சமையலறை வாசற்படியில், கேமராவில் படாமல் உட்கார்ந்தோம். லேப்டாப்பில் அருணா என்று ஒரு அம்மாள் கேள்வி கேட்டார். ஆனந்த் ஆட ஆரம்பித்தார். முதலில் அவசர அவசரமாகப் பேசினார், பிறகு நிதானமானார். கங்கப்பன் மூச்சுகூடச் சத்தமாக விடவில்லை. நான் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டே இருந்தேன். இந்த வேலை அவருக்குக் கிடைக்க வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது, வீட்டுச் செலவுக்காகக்கூட இல்லை, குனிந்த அந்தத் தலை நிமிர வேண்டும் என்றுதான்.

பாலத்துக்கு வந்தார். திரை அணைந்தது. யாரோ வேறு இடத்தில் திறந்திருக்கிறார்கள்.

கங்கப்பன் மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "நான் இல்ல, நான் இல்ல" என்று கையை ஆட்டினார். நான் பின்பக்கம் ஓடி மாதேஸ்வரிக்குப் போன் போட்டேன்.

"அக்கா, நான் ஆடலக்கா! எல்லாரும் மூடி வெச்சிருக்காங்களான்னு பாக்கத்தான் தொறந்தேன்!"

அவளைத் திட்ட நேரமில்லை. அணைக்கச் சொல்லிவிட்டு உள்ளே வந்து, அவள் சொன்னதை ஒரு தாளில் எழுதி லேப்டாப்புக்குப் பின்னாலிருந்து ஆனந்துக்குக் காட்டினேன். அருணா, "என்னாச்சு ஆனந்த், நெட் பிரச்சினையா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஆமாம் என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. ஆனந்த் வாயைத் திறந்தார், மூடினார், என்னைப் பார்த்தார்.

"இல்ல மேடம். வேல போனதுல ஆபீஸ் சிம்மும் போயிருச்சு, பாஸ்வேர்ட மாத்த முடியல. அது எங்க ஹவுஸ் ஓனர், அவரு மாப்ள, மாப்ளயோட தங்கச்சி எல்லார்கிட்டயும் இருக்கு. இன்னிக்குத் தொடாதீங்கன்னு சொல்லி வெச்சிருந்தோம். அந்தத் தங்கச்சி, எல்லாரும் மூடியிருக்காங்களான்னு தொறந்து பாத்திருக்காங்க."

அருணா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, அது வர்ற வரைக்கும் சும்மா சொல்லுங்க. பாலத்துல என்ன தப்பு?" என்றார்.

திரை இருட்டாகத்தான் இருந்தது. ஆனந்த் எழுந்து நின்றுவிட்டார். இங்கே பாலம், இங்கே ஆள் வருகிறான், விளக்கு இந்தப் பக்கம் இருப்பதால் ஆடுகிறவன் அந்தப் பக்கம் ஓடி விழுகிறான், விழுந்ததும் வெகுதூரம் பின்னால் போய்விடுவதால் வெறுத்துப்போய் ஆட்டத்தையே அணைத்துவிடுகிறான் என்று காற்றிலேயே வரைந்து காட்டினார். கண்ணில் அப்படி ஒரு வெளிச்சம். கேம் திரும்பி வந்தபோதும் அவர் கன்ட்ரோலரை எடுக்கவில்லை, அருணாவும் எடுக்கச் சொல்லவில்லை. எனக்கு அங்கேயே எழுந்து போய் அவர் தலையைக் கோதிவிட வேண்டும் போல இருந்தது. கங்கப்பன் என் காதருகே, "எலக்ட்ரீஷியன் வேலையும் தெரியும் போல இருக்கே" என்றார்.

அடுத்த வாரம் போன் வந்தது. வேலை கிடைத்துவிட்டது. ஆனால் ஆறு மாதக் காண்ட்ராக்ட்தான். அந்த கேம் முடிந்தால் வேலையும் முடியும். ஆனந்த் அதைச் சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தார். நான் போய்க் கேசரி கிண்டினேன்.

கேசரி ஆறுவதற்குள் சாத்தூரிலிருந்து என் அம்மா பவளம் கூப்பிட்டாள். எங்கே மூக்கு வேர்த்ததோ தெரியவில்லை.

"மாப்ளைக்குப் புது வேலையாமே? பெர்மனெண்டு தானே?"

ஆமாம்மா என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனந்த் போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"இல்லத்தே. பழைய வேலையிலருந்து எடுத்துட்டாங்க. இது ஆறு மாசக் காண்ட்ராக்ட். முடிஞ்சா வேற தேடணும்."

அம்மாவின் குரல் போனைத் தாண்டி எனக்கும் கேட்டது.

"அப்ப நம்ம பொற்கொடி மாதிரியா?"

"ஆமாத்தே" என்றார் ஆனந்த், பக்கத்து வீட்டுக்கே கேட்கும்படி. "பொற்கொடி மாதிரிதான்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கரண்டியைப் பிடித்தபடி அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

"அப்பச் சரி, பொழச்சுக்குவீக" என்றாள் அம்மா.