வெள்ளிக்கிழமைக் கையெழுத்து

கல்முனையில் இருந்த அந்தத் தனியார் குழந்தைப்பேற்று நிலையத்தின் ஆய்வுகூடத்தில், ஒரு மேசையில் ஒரு தம்பதியின் பொருள்தான் இருக்கலாம். ஒருவர் குழாயில் உள்ள பெயரையும் இலக்கத்தையும் வாய்விட்டு வாசிக்க, மற்றவர் கோப்போடு ஒப்பிட்டுச் சாட்சிக் கையெழுத்து வைக்க வேண்டும். மற்ற நாட்களில் இந்த ஒழுங்கில் வானத்து மலக்கே இறங்கி வந்து பார்த்தாலும் குறை சொல்ல முடியாது. வெள்ளிக்கிழமை மட்டும் வேறு கதை. பொறுப்பாளர் றிம்சான் பதினொன்றரைக்கே அன்றைய தாள்கள் எல்லாவற்றிலும் சாட்சிக் கையெழுத்தைப் போட்டு வைத்துவிட்டு ஜும்ஆத் தொழுகைக்குக் கிளம்பிவிடுவார். இன்னும் நடக்காத காரியத்துக்குச் சாட்சி சொல்லிவிட்டுத் தொழப் போகும் மனிதரைத்தான் ஊர் பக்திமான் என்றது.

அந்த வெள்ளிக்கிழமை இரண்டு கணவன்மார் ஜும்ஆ தப்பிவிடும் என்ற அவசரத்தில் ஒரே நேரத்தில் வந்து, விந்து மாதிரியைக் கொடுத்துவிட்டு ஓடினார்கள். ஒருவர் வரிப்பத்தான்சேனை விவசாயி. மற்றவர் அட்டாளைச்சேனை ஜெஸீம். உதவியாளர் ஹாஜறா இரண்டையும் தனியாகக் கழுவித் துப்புரவாக்கி ஒரே தட்டில் நிறுத்தினாள். அவள் வாசித்தாலும் ஒப்பிட்டுப் பார்க்க ஆளில்லை.

ஜெஸீமின் மனைவி ஸாலிஹாவுக்கு நாற்பத்தொரு வயது. மாதக்கணக்கில் ஊசி போட்டு அன்று காலை எடுத்தது மூன்றே மூன்று முட்டைகள். இனி வராது என்று டொக்டர் கையை விரித்துவிட்டார். "இதும் சரிவராட்டி நான் வேற கலியாணம் முடிப்பன்" என்று ஜெஸீம் ஆட்களுக்கு முன்னால் வைத்தே அவளிடம் சொல்லியிருந்தான்.

அந்த மூன்று முட்டைகளிலும் துளியை விட்டு முடித்துவிட்டு, வெறுங்குழாயை எறியப்போன நேரத்தில்தான் ஹாஜறா அதன் பெயரை வாசித்தாள். வரிப்பத்தான்சேனை விவசாயியின் பெயர். ஜெஸீமின் குழாய் நிறைந்தபடி தட்டிலேயே நின்றது.

பள்ளிவாசலால் வந்த றிம்சானிடம் நடந்ததைச் சொன்னாள். அவர் தொப்பியைக் கழற்றாமலே கேட்டார்.

"வேற யாருக்கும் தெரியுமா?"

"இல்ல சேர். ஆனா இனித் திருப்பி எடுக்க ஏலா."

"தாள்ல என்ட கையெழுத்துக் கிடக்கு. அப்ப பிழை நடக்கல்ல. முட்டை பழுது எண்டு சொல்லுவம்."

"அது பொய் சேர். ஸாலிஹா ராத்தாட வாழ்க்கை..."

"உண்மையச் சொல்லு, போ. அடுத்தவன்ட வித்தக் கொண்டுபோய்க் கலந்தவள் எண்டு ஊரே உன்னக் கதைக்கும். பொறகு ஆர் உன்னக் கலியாணம் முடிக்கிற?"

ஹாஜறா வாயை மூடிக்கொண்டாள். அவளுக்குப் பயம். அதற்கு மேல் அழகான காரணம் எதுவும் இல்லை.

சனிக்கிழமை காலை அவள் நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்தாள். மூன்று முட்டைகளும் கருக்கட்டியிருந்தன. மூன்றிலும் ஒரு குறையும் இல்லை. பதினாறு வருடமாக மலடி என்ற பெயரைச் சுமந்தவளின் முட்டைகள் அவை. அடுத்த ஆணின் பிள்ளையை அவள் வயிற்றில் வைக்கவும் முடியாது, வைக்காமல் விட்டதன் காரணத்தைச் சொல்லவும் மனம் துணியவில்லை. ஹாஜறா அந்த மூன்றையும் கழிவு போடும் மஞ்சள் வாளியில் கொட்டினாள். பிறகு 'முட்டைகள் தரமற்றவை, கருக்கட்டவில்லை' என்று அறிக்கை எழுதினாள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

டொக்டர் தம்பதியைக் கூப்பிட்டு அதை வாசித்து முடித்ததும் ஜெஸீம் கதிரையை விட்டு எழுந்தான்.

"எனக்கு ஒரு கொப்பி தாங்க. வேற கலியாணத்துக்குக் காதியார்ட்டக் காட்டணும்."

"மச்சான், கொஞ்சம் பொறுங்களன்" என்றாள் ஸாலிஹா.

"பதினாறு வருசம் பொறுத்தது காணாதா? பழுது உன்னிலதான் எண்டு இப்ப எழுத்திலயும் வந்திட்டு."

அவன் கொப்பியை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியேறினான். மோட்டார் சைக்கிள் கிளம்பும் சத்தம் கேட்டது. அட்டாளைச்சேனைக்கு அவள் இனி பஸ்ஸில்தான் போக வேண்டும்.

ஸாலிஹா அழவில்லை. அபாயாவின் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நடைக்கு வந்தவள், அங்கே நின்ற ஹாஜறாவின் கையைப் பிடித்தாள்.

"தங்கச்சி, நீங்க உங்களால ஏலுமான எல்லாம் செஞ்சிருப்பீங்க. அவர் சொன்னது சரிதான், பழுது என்னிலதான். நான்தான் நம்பல்ல."

"ராத்தா..."

"மனசக் கஷ்டப்படுத்தாதீங்க புள்ள. அல்லாஹ் உங்களுக்கு என்னப் போல ஒரு வயித்தத் தராம, நல்ல புள்ளைகளத் தரட்டும்."

எல்லாவற்றையும் சொல்லிவிட ஹாஜறா வாயைத் திறந்தாள். கதவடியில் றிம்சான் நின்றுகொண்டிருந்தார்.

"ஆமீன்" என்றாள்.