கிளை கழித்த மாதத்தில் அளந்த வெளிச்சம்

மலைமேல் சாந்தன்பாறையில் எங்கள் எதிர்வீட்டு அன்னமேரி தையல் அறை கட்டினாள். பிளான் போட்டது அவள் அண்ணன் மகன் சுஜின். கோயம்புத்தூரில் என்னமோ படித்து வந்த மேதை.

மே மாசக் கடைசியில் லேப்டாப்போடும் வெளிச்சம் அளக்கிற மீட்டரோடும் வந்தான். கிழக்கே ஏலக்காட்டுப் பக்கம் மீட்டரை நீட்டினான். "அத்தை, இங்கே பெரிய கண்ணாடி வச்சா பகல்ல லைட்டே வேண்டாம்."

"ரோட்டுப் பக்கம் ஒரு ஜன்னல் வையேன்டா. வெயில் விழுமே."

"மேற்கு வெயில் சூடு உள்ளே வந்துரும். கணக்கு அப்படித்தான் சொல்லுது."

"வரட்டுமே! இங்கே குளிர்ல விரல் மரத்துப்போவுது."

கணக்கு எந்த ஊருக்கு என்று எட்டிப் பார்த்தேன். கம்ப்யூட்டரில் சாந்தன்பாறை இல்லையாம், கோயம்புத்தூரைப் போட்டிருக்கிறான்! ரோட்டுப் பக்கம் வெறும் சுவர். லைட்டுக்கு வயரும் இழுக்கவில்லை, மிச்சம் பிடிக்கிறானாம்.

மே மாசம் ஏலக்காட்டில் நிழல் மரங்களின் கிளையைக் கழிப்பார்கள். அவன் அளந்தது அதற்கு மறுவாரம். மொட்டை மரத்தடியில் வெளிச்சம் இல்லாமல் எங்கே போகும்? கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். ஏலக்காட்டிலேயே பிறந்து வளர்ந்த அன்னமேரிக்குத் தெரியாதா? மருமகன் இங்கிலீஷ் பேசினால் அவளுக்குப் புத்தி வேலை செய்யாது.

அறை கட்டி முடித்து, மறுவருஷம் மார்ச்சில் கிளையெல்லாம் தழைத்து மூடிவிட்டது. அறை கிணறு மாதிரி. அப்போது பார்த்து மாதா கோயிலில், முதன்முதலாக நற்கருணை வாங்கும் சிறுமிகளுக்கு முப்பது புதுநன்மைக் கவுன் தைக்கக் கொடுத்தார்கள். வெள்ளைத் துணி, வெள்ளை நூல்; வீட்டிலிருந்து வயர் இழுத்துத் தொங்கவிட்ட பல்பில் தையலே தெரியவில்லை. தைத்த நாலும் கோணல். ஞாயிற்றுக்கிழமைக்குள் நேராகத் தைத்துக் காட்டாவிட்டால் பூப்பாறை டெய்லரிடம் கொடுத்துவிடுவோம் என்று கன்னியர் மடத்து மதர் சொல்லிவிட்டார்.

கிளையைக் கழிக்கச் சொல்லி அன்னமேரி எஸ்டேட் கங்காணியிடம் ஓடினாள். "மே வரைக்கும் கத்தி வைக்க முடியாது. ஏலம் கருகிரும்" என்றுவிட்டார். சுஜினுக்குப் போன் போட்டாள்.

"மீட்டர் தப்பா காட்டாது அத்தை."

"அப்போ மீட்டரையே வந்து தைக்கச் சொல்லுடா!"

போனை வைத்த கையோடு கொத்தனார் பாண்டியைக் கூப்பிட்டாள். மேற்குச் சுவரில் நாலடிக்கு ஓட்டை. மத்தியானத்துக்கு மேல் வெயில் நேரே மிஷின் மேல் விழுந்தது. சனிக்கிழமைக்குள் முப்பதும் முடிந்தது; ஒரு தையல்கூடக் கோணவில்லை. மதர் அடுத்த வருஷத்துக்கும் சொல்லிவிட்டுப் போனார்.

எல்லாம் சரிதான். அந்த ஓட்டை என் அடுக்களைக்கு நேரே இருப்பதுதான் சரியில்லை. நேற்று இந்தக் கதையை என் சிநேகிதி ராசம்மாளிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தேன், ஓட்டைக்குள்ளிருந்து அன்னமேரி குரல் வருகிறது:

"மைனி, மீன் கருகுது. மீதியை அடுப்பை அணைச்சிட்டுச் சொல்லுங்க."